கவிதைக்கு மார்க்கிங் ஸ்கீம் கிடையாது

“கவிஞர் இதில என்ன சொல்ல வாறார்?”

ஓ.எல். எழுதின எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். தமிழ் இலக்கிய நயம் பாடம் எடுத்தவர்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும். ரியூசனில் தந்த நோட்ஸில் இதற்கு அளவெடுத்துத் தைத்த பதில் இருக்கும். பாடமாக்கி எழுதினால் புள்ளி. சொந்தமாக ஏதும் எழுதினால் சிவப்பு மை. பாடத்தின் பெயரிலேயே ‘நயம்’ இருக்கிறது. நயக்கிறதுக்குத்தான் அங்கே இடமில்லை.

சரி, பரீட்சையோடு இந்தக் கேள்வியும் தொலைந்துவிடும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. புத்தக வெளியீடு, இலக்கியச் சந்திப்பு, பேஸ்புக் கொமன்ட் எண்டு எங்க போனாலும் அதே கேள்வி வேற சட்டை போட்டுக்கொண்டு நிக்குது. கூட்டத்தில் ஒரு இளம் ஆள் எழும்பி, “எனக்கு இந்தக் கவிதை இப்பிடித்தான் பட்டது” என்று சொன்னால், மேடையில் இருக்கிறவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, கவிஞர் சொல்ல வந்தது அதில்லை” என்பார். எழும்பினது தங்கச்சி என்றால் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். ஒரு சின்னக் கவிதைக்குள் வாசிக்கிற ஆள் தன்ர வாழ்க்கையைக் கண்டுபிடிப்பது வாசிப்பில் நடக்கிற பிழை அல்ல. வாசிப்பு என்பதே அதுதான். ஆனால், அப்படிக் கண்டுபிடித்தது கவிதையின் சொற்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். இதில் முதல் பாதியை மறுக்கிற பெரியாக்களோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு. இரண்டாம் பாதியை மறந்துவிடுகிற எங்கட வயசுக்காரரோடும் சண்டை இருக்கு.

ஓர் இறகும் நாலு பேரும்

பொதுவாகக் கதைத்துக்கொண்டு போனால் ஒன்றும் விளங்காது. ஒரு கவிதையை எடுப்பம். பிரமிளின் ‘காவியம்’.

பிரமிள் 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் இளம் வயதிலேயே எழுதத் தொடங்கியவர். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கேயே வாழ்ந்து 1997இல் காலமானார். கவிதையை நாங்கள் இங்கே எடுத்துப் போடப்போவதில்லை. தேடி வாசியுங்கோ, ஒரு நிமிசம்கூட ஆகாது. முழுக் கவிதையும் ஒரே வாக்கியம். பதினைந்து சொல்லைக்கூடத் தாண்டாது. பறவையிடமிருந்து கழன்ற இறகு ஒன்று வருகிறது. காற்று அதற்கு எழுதுகிற தாளாகிறது. எழுதப்படுவது ஒரு பறவையின் கதை. இந்தத் துண்டுக் கவிதைக்கு அவர் வைத்த தலைப்புத்தான் ‘காவியம்’.

இதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். ‘நான்’ இல்லை. ஊர் இல்லை, ஆண்டு இல்லை. பறவைக்குப் பெயர் இல்லை. ‘அந்த’ப் பறவைகூட இல்லை, ‘ஒரு’ பறவைதான். அது இன்னும் எங்கேயோ பறக்குதா, செத்துப்போச்சா என்றும் கவிதை சொல்லவில்லை.

எங்கட வாசிப்பு வட்டத்தில் இதை எடுத்தபோது நாலு பேர் நாலு இடத்தில் போய் நின்றார்கள்.

ஒருவர் கிளிநொச்சி. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் அங்கே வீதியோரம் தொடங்கிய போராட்டத்தில் அவருடைய அம்மம்மாவும் போய் இருந்தவ. மடியில் மாமாவின் படம். “அந்தப் படம்தான் இறகு” என்றார் அவர். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: “எழுதினது எண்டு கவிதையில இல்லை, கவனிச்சனீங்களோ? இப்பவும் எழுதிக்கொண்டு போகுது.”

இன்னொருவர் புத்தளத்தில் வளர்ந்தவர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது. வீட்டுத் திறப்பை உம்மா இன்றும் அலுமாரியில் வைத்திருக்கிறார். வீடு இப்போது இல்லை. இறகு தானாகக் கழன்றதா, யாரும் பிடுங்கினார்களா என்று கவிதை சொல்லாமல் விட்டிருக்கிறது என்று முதலில் கவனித்தவர் அவர்தான். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால்தான் அந்த வெற்றிடம் தெரியும்.

மூன்றாமவர் ஹட்டன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவென்று கணக்குப் போட்டது. அவருடைய பாட்டி இங்கே, பாட்டியின் தம்பி அங்கே. அவருக்கு இறகு பெரிதாகப் படவில்லை, தாள்தான் பட்டது. “எங்க ஆளுங்க வாழ்க்கைய எப்பவுமே தாளுதான் தீர்மானிச்சிச்சு. விண்ணப்பம், பாஸ்போர்ட், பிரஜாவுரிமைப் பத்திரம். இந்தக் கவிதையிலதான் தாளு யாரோட கையிலயும் இல்ல, காத்தா இருக்கு.”

நாலாமவர் பல்கலைக்கழக ஹொஸ்டலில் இருக்கிற ஒரு பெண். வீட்டில் கடைக்குட்டி. அவர் சொன்னது: “சிறகில ஒட்டிக்கொண்டு இருந்த நேரம் அந்த இறகு ஒண்டும் எழுதேல்லத்தானே? கழண்டாப் பிறகுதான் எழுதுது. நானும் வீட்ட விட்டு வந்தாப் பிறகுதான் எனக்கெண்டு ஒரு கதை தொடங்கினது.”

இந்த நாலில் எது சரி? மார்க்கிங் ஸ்கீம் இருந்தால் ஒன்றுக்குத்தான் புள்ளி. ஆனால் திரும்பக் கவிதைக்குப் போய்ப் பாருங்கள். முதலாமவர் வினைச்சொல்லின் காலத்தைப் பிடித்திருக்கிறார். இரண்டாமவர் கழன்றதற்குக் காரணம் சொல்லப்படாததைப் பிடித்திருக்கிறார். மூன்றாமவர் காற்று தாளான உருவகத்தை. நாலாமவர் எது முதல், எது பிறகு என்ற ஒழுங்கை. நாலு பேரும் தங்கட கதையைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு கதையும் கவிதையில் நாங்கள் காணாமல் கடந்துபோன ஒரு சொல்லைக் காட்டித் தந்தது. ஒருவர் தனியாக நூறு தரம் வாசித்தாலும் இந்த நாலும் கிடைத்திருக்காது.

‘சின்ன விசயம்’ என்று யார் சொல்வது?

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது மூத்த விமர்சகர் ஒருவர் தீர்ப்பு வழங்கினார். முதல் மூன்றும் “பரவாயில்லை, எங்கட மக்களின்ர துயரம்.” நாலாவது “சின்ன விசயம், கவிதையை மலினப்படுத்துது.” பக்கத்தில் இருந்த இன்னொருவர் அந்த மூன்றையும் தள்ளிவிட்டார். பிரமிள் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் ஈடுபாடு கொண்டவர். ஆகவே இது தத்துவக் கவிதை. இதில் அரசியலும் கிடையாது, ஹொஸ்டலும் கிடையாது.

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலாமவருக்கு. ஈழத்துக் கவிதை என்றாலே போர்க் கவிதை, ஈழத்து வாசகர் என்றாலே துயரப்பட்ட வாசகர் என்று யார் எங்களுக்கு எழுதி வைத்தது? ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து தன்ர கதையைத் தானே எழுதத் தொடங்குவது எந்தக் கணக்கில் சின்ன விசயம்? யாழ்ப்பாணத்தில் பெண் கவிஞர்களின் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு வெளிவந்தது 1986இல். வெளியே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வீட்டுக்குள் நடப்பதும் கவிதைக்குப் பெரிய விசயம்தான் என்று அந்தப் பெண்கள் அப்போதே எழுதிவிட்டார்கள். நாற்பது வருசம் ஆகப்போகுது, இன்னும் அதே வாசலில் நின்று நாங்கள் அனுமதி கேட்க வேண்டியிருக்கு. துயரத்துக்கும் தராசு வைத்து, எடை குறைந்தவர்களை வாசிப்பிலிருந்து வெளியே அனுப்புவது விமர்சனம் ஆகாது. அது கேற்றில் நிக்கிற காவல் வேலை.

இரண்டாமவருக்கு. கவிஞரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளுங்கள், நல்லது. திருகோணமலையில் பிறந்து தமிழ்நாட்டில் முடிந்த ஒரு வாழ்க்கையைத் தெரிந்தவர், அந்த இறகில் பிரமிளையே காணலாம். கிருஷ்ணமூர்த்தியைத் தெரிந்தவர் வேறொன்றைக் காணலாம். அவையும் நல்ல வாசிப்புகள்தான், ஐந்தாவது, ஆறாவது வாசிப்புகள். ஆனால் கவிஞரின் வாழ்க்கை வழக்கில் ஒரு சாட்சி. அதை நீதவான் கதிரையில் கொண்டுபோய் இருத்தினால்தான் பிரச்சினை. 1997இல் காலமான மனிதர் 2017இல் வீதியோரம் இருந்த ஓர் அம்மம்மாவை நினைத்திருக்க முடியாது, உண்மை. அதற்காக அந்தக் கவிதை அவவுக்கு உரியதல்ல என்று ஆகிவிடுமா?

இது எங்கட பழக்கம்தான்

இப்படிக் கதைக்கத் தொடங்கினாலே, “இதெல்லாம் மேற்கத்தேயச் சரக்கு, ரோலண்ட் பார்த்தை வாசிச்சிட்டு வந்து கதைக்கிறியள்” என்பார்கள். பார்த் ஆசிரியரின் மரணத்தைப் பற்றி எழுதியது 1967இல். எங்கட கதை அதற்குக் கனகாலம் முந்தியது.

அகப்பாட்டில் காதலிப்பவர்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் சொல்கிற விதி. தலைவன், தலைவி, தோழி, தாய் — அவ்வளவுதான். ஏன் இப்படி ஒரு விதி? பெயர் வைத்தால் அது ஒருவரின் கதை. பெயரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கேட்கிற ஆள் வந்து இருக்கலாம். அந்தக் கதிரை இரண்டாயிரம் வருசமாக வெறுமையாக இருப்பது எங்களுக்காகத்தான். பிரமிளின் கவிதையில் ‘நான்’ இல்லாததும் பறவைக்குப் பெயர் இல்லாததும் இந்தப் பழைய பழக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. உள்ளுறை, இறைச்சி என்று தனிப் பெயரே வைத்து, சொல்லாமல் விட்டதைக் கேட்கிறவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்த மரபு இது.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாருங்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீரைச் சொல்கிற பாட்டு. எழுதினவரின் பெயர் தெரியாது. பாட்டுக்குள் இருந்த தொடரையே எடுத்து அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள். “கவிஞர் என்ன சொல்ல வந்தார்” என்று அவரிடம் போய்க் கேட்க வழியில்லை. ஐந்தே அடி. இருந்தும் இன்றைக்கும் ஒரு கலியாண வீட்டுக் காட்டிலிருந்து கைப்பேசி ஸ்ரேற்றஸ் வரைக்கும் அந்தப் பாட்டு வாழுது. கவிஞரின் மனதுக்குள் போய்ப் பார்த்தால்தான் கவிதை விளங்கும் என்றால், இந்தப் பாட்டு எப்பவோ செத்திருக்க வேண்டும்.

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பத்துப் பேர் என்பார்கள். பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரே குறளுக்கு வேறு வேறு பொருள் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. பரிமேலழகர் தனக்கு உடன்பாடில்லாத உரையை எடுத்துச் சொல்லி, ஏன் ஏற்கவில்லை என்று காரணமும் காட்டுவார். எங்கட வாசிப்பு ஒழுக்கம் அங்கேதான் இருக்கு. ஒரே சொல்லில் பல பொருள் நிற்கலாம். ஆனால் ஒவ்வொருத்தரும் காரணத்தோடு வர வேண்டும். சிரித்துத் தட்டிவிடுவது உரைகாரர் வேலையில்லை.

ஒரே அர்த்தம் யாருக்குத் தேவை?

“ஒரு கவிதைக்கு ஒரே அர்த்தம் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சுபோகும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறைகிறது. அதுவும் எங்கட நாட்டில் நிறையக் குறைகிறது.

2020 ஜனவரியில், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்றும், விசாரணைகளுக்குப் பிறகு மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்றும் சொன்னார். அம்மாமார் அதை ஏற்கவில்லை. அங்கே நடந்தது வெறும் பத்திரச் சண்டை இல்லை. ஒரு வினைச்சொல்லின் காலம் பற்றிய சண்டையும் அதுக்குள்ள இருக்கு. அரசு ‘இருந்தான்’ என்கிறது. தாய் ‘எங்கே இருக்கிறான்’ என்கிறாள். முடிந்த கதை, கோப்பை மூடுங்கோ என்கிறது ஒரு பக்கம். கதை இன்னும் எழுதப்படுது என்கிறது மற்றப் பக்கம்.

இப்போது அந்தக் கிளிநொச்சிப் பெடியன் கவிதையில் நிகழ்காலத்தைக் கண்டுபிடித்ததை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அது இலக்கணக் குறிப்பு இல்லை. தன்ர வீட்டில் தினமும் நடக்கிற சண்டைக்கு ஒரு சொல் கிடைத்தது. “கவிஞர் சொல்ல வந்தது அதில்லை” என்று சிரித்துக்கொண்டு நாங்கள் அவரிடமிருந்து எதைப் பறிக்கிறோம் என்று மேடையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

அதிகாரம் எல்லாவற்றுக்கும் ஒரே உரையைத்தான் விரும்பும், அது எந்தப் பக்கத்து அதிகாரம் என்றாலும். வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் பிள்ளை அதே கவிதையில் ‘பிடுங்கப்பட்ட’ இறகைக் கண்டால், அந்த வாசிப்பு எங்களில் கனபேருக்கு வசதியாக இருக்காது. எங்கட துயரத்தைச் சொல்ல வைத்திருந்த கவிதை, எங்கட பெயரால் நடந்ததையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கிவிடும். அந்த வசதியீனத்துக்குப் பயந்துதான் சிலர் “கவிதையில அரசியல் பாக்காதேங்கோ” என்று ஓடிவருகிறார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம்.

இனி எங்கட ஆக்களுக்கு

மற்றப் பக்கத்தையும் விடப்போவதில்லை. “கவிதையை எப்பிடியும் வாசிக்கலாம் மச்சான், அவரவருக்கு அவரவர் அர்த்தம்” என்கிற கூட்டம் எங்களுக்குள்தான் இருக்கு. கேட்க ஜனநாயகமாக இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் சோம்பேறித்தனம்.

இதே கவிதையைச் சூரியன் மறைகிற படத்தில் போட்டு, “போனது போகட்டும், மறந்திட்டு முன்னேறு” என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறார்கள். வட்ஸ்அப் குழுவில் அதற்கு முப்பது இதயம். இந்த வாசிப்பைக் கவிதையிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மறக்கச் சொல்கிறதா அது? கழன்றுபோன இறகு மறப்பதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறது. காற்றுத் தாளுக்கு முடிவில்லை என்று வேறு சொல்கிறது கவிதை. தலைப்பில் ‘காவியம்’ என்று எழுதியிருக்கிறது; மறந்துவிட வேண்டிய ஒன்றுக்கு யாராவது காவியம் என்று பெயர் வைப்பார்களா? எழுதுவது, முடியாத தாள், தலைப்பு என்று மூன்றும் மறிக்கிற வாசிப்பு இது. ஆகவே இது பிழை. ‘உங்கட அர்த்தம்’ என்பதற்காக அது சரியாகிவிடாது.

சொந்த அர்த்தத்துக்கும் சொந்த விருப்பத்துக்கும் வித்தியாசம் இதுதான். விருப்பம் கவிதையைக் கேட்காது. அது ஏற்கனவே எழுதி வைத்திருந்ததை ஒட்டுவதற்கு ஒரு சுவரைத் தேடுகிறது. அர்த்தம் அப்படி வராது. கவிதையோடு மல்லுக்கட்டினால்தான் வரும். உங்கட கதையைச் சொல்லி முடித்த பிறகும் கவிதை முன்னம் இருந்த மாதிரியே இருந்தால், நீங்கள் அதை வாசிக்கவில்லை, பாவித்திருக்கிறீர்கள். சொல்லி முடித்த பிறகு கவிதையில் ஒரு சொல் புதிதாகத் தெரிந்தால், அப்போது வாசித்திருக்கிறீர்கள்.

சின்னக் கவிதையில் இந்த வேலை இன்னும் கடினம். நாவலில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் கதை உங்களைக் கைவிடாது. பதினைந்து சொல்லுக்குள் ஒன்றைத் தவறவிட்டால் பாதிக் கவிதை போய்விடும். “சின்னக் கவிதைதானே, வாசிச்சாச்சு” என்று அடுத்த போஸ்ட்டுக்கு விரலால் தள்ளுகிறவர், சமைக்கத் தொடங்க முதலே அடுப்பை நூர்க்கிறவர்.

கேள்வியை மாத்துங்கோ

எங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. படிப்பிக்கிற ரீச்சர்மார், சேர்மார், மேடையில் இருக்கிற ஐயாமார், வாசிப்பு வட்டம் நடத்துகிற நண்பர்கள், எல்லாருக்கும் ஒன்றுதான். “கவிஞர் என்ன சொல்ல வாறார்?” என்பதைக் கொஞ்சக் காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பதிலாக, “எந்தச் சொல் உன்னை அப்பிடி நினைக்க வைச்சது?” என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியில் வாசிப்பவருக்கும் இடமிருக்கு, கவிதைக்கும் இடமிருக்கு. பதில் சொல்கிற பிள்ளை தன்ர மனதுக்குள்ளும் போக வேண்டும், திரும்பி வந்து கவிதையில் விரலும் வைக்க வேண்டும். நோட்ஸைப் பாடமாக்கினவருக்கு இதற்குப் பதில் வராது. எப்படியும் வாசிக்கலாம் என்பவருக்கும் வராது. பின்வாங்கில் இருந்து இதுவரைக்கும் வாயே திறக்காத ஒருத்தருக்கு வரக்கூடும். அவரிடம் வாழ்க்கை இருக்கு, கண் முன்னால் பதினைந்து சொல் இருக்கு. அதுக்கு மேல என்ன தகுதி வேணும்?

இன்றைக்கு இரவு ஒரு சின்னக் கவிதையை எடுங்கோ. வாய்விட்டு இரண்டு தரம் வாசியுங்கோ. எந்தச் சொல்லில் உங்கட குரல் தட்டுப்பட்டு நிக்குது எண்டு பாருங்கோ. அடுத்த கூட்டத்தில் யாராவது சிரித்துக்கொண்டு “அதில்லை” என்று சொன்னால், இருக்காதேங்கோ. அந்தச் சொல்லைக் காட்டி, இதுக்கு என்ன பதில் எண்டு கேளுங்கோ.